மூன்று வீட்டு மிச்சம்

பெற்றவர்கள் வைத்த பெயர் எது என்று அவளுக்கே தெரியாது. டிராம் டிப்போவில் எல்லாரும் மிச்சம் என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தையாக இருந்தபோது யாரோ வாய் தவறிச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்திலும் அதுவே, சம்பளச் சீட்டிலும் அதுவே. புதிதாக வேலைக்குச் சேரும் டிரைவர்கள் முதலில் கொஞ்சம் தயங்குவார்கள், ஒரு பொம்பளையை இப்படியா கூப்பிடுவது என்று. ஒரு வாரம் போகட்டும், அவர்களும் ஷெட் வாசலில் நின்று, "மிச்சக்கா, மணல் ஆச்சா?" என்று கத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

மணல் காயவைப்பது அவள் வேலை. சிரிக்க வேண்டாம். டிராம் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. மழை பெய்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். அப்போது டிரைவர் காலடியில் உள்ள மிதியை அமுக்கினால், சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியிலிருந்து மணல் இறங்கி சக்கரத்துக்கு முன்னால் விழ வேண்டும். விழுந்தால் பிடி கிடைக்கும், வண்டி நிற்கும். காய்ந்த மணல்தான் விழும். ஈர மணல் கட்டி தட்டிக்கொண்டு குழாயிலேயே உட்கார்ந்துவிடும். அதனால் டிப்போவின் கோடியில் ஒரு மணல் அறை. நடுவில் அடுப்பு, அதன்மேல் கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புத் தட்டு. மிச்சம் நீளக் கைப்பிடி போட்ட பலகையால் மணலைத் துழாவிக்கொண்டே இருப்பாள். ஆவி அடங்கியதும் சலித்து வாளியில் அள்ளி, ஒவ்வொரு வண்டியாக ஏறி, சீட்டைத் தூக்கிப் பெட்டியில் கொட்டுவாள். ராத்திரி தலை வாரினால் சீப்பிலிருந்து மணல் உதிரும்.

ஈர மணல் என்ன செய்யும் என்பதற்கு அவளே சாட்சி. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. மேட்டுத் தெரு உச்சியில் குழந்தைகள் ஆஸ்பத்திரி. வாரத்தில் ஒரு நாள் கைக்குழந்தைகளுக்கு எடை பார்த்து ஊசி போடுவார்கள். அன்றைக்கு நல்ல மழை. ஊசி முடிந்து இறங்கிய வண்டியில் நிற்க இடமில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை, மிதியை அமுக்கினால் மணலும் விழவில்லை. மணிக்கூண்டு வளைவில் வண்டி புரண்டு கல் சுவரில் போய் மோதியது. இருபது பேருக்கு மேல் அங்கேயே போய்விட்டார்கள். அதில் மூன்று தாய்மார்கள். மூவர் மடியிலும் ஆளுக்கொரு பெண் குழந்தை. மூன்றும் ஏறக்குறைய ஒரே வயசு, மூன்றுக்கும் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. இரண்டு குழந்தைகள் செத்துப்போயின, ஒன்று பிழைத்தது. பிழைத்தது யார் வீட்டுப் பிள்ளை? அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் இது.

பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா என்று ஊரே கேட்டது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் அம்மாக்கள், அவர்கள்தான் இல்லையே! செத்த குழந்தைகளைக் கிடத்தியிருந்த ஆஸ்பத்திரிப் பின்னறைக்கு அப்பாக்கள் மூவரையும் கூப்பிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்று பகல் முழுக்கத் தூங்குகிறவர். பெயின்டர் பெயர்ப்பலகை எழுத ஊர் ஊராகப் போகிறவர், பிள்ளை பிறந்த பிறகு வீட்டில் தங்கியதே அபூர்வம். தையல்காரர் ஒருவர்தான் வீட்டோடு கிடந்த மனுஷன். அவரோ அந்த அறை வாசலிலேயே மயங்கி விழுந்தார், எழுந்ததும் உயிரே போனாலும் உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். பெயின்டர் போய்ப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று கதறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். ரொட்டிக்கடைக்காரர் வெகுநேரம் உள்ளே நின்றார். வந்தவர் தலையைக் குனிந்தபடி யாரோடும் பேசாமல் நடையைக் கட்டினார்.

பிழைத்த குழந்தைக்கோ தலையை மழித்து, தையல் போட்டு, முகமெல்லாம் கட்டு. கட்டைப் பிரித்து வீக்கம் வடிவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அந்த வயசில் மாதத்துக்கு ஒரு முகம். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து ஆளுக்கொரு ஜாடை சொன்னார்கள். தையல்காரரின் மூத்த பெண்ணுக்கு அப்போது ஏழு வயசு. அவளைக் கூட்டி வந்து காட்டினார்கள். முதல் நாள், "இவதான் எங்க பாப்பா" என்றாள். மறுநாள், "இவ இல்லை" என்று அழுதாள். ஒரு குழந்தையைப் போய் இதைக் கேட்கலாமா? புத்தி பேதலித்துப் போயிருந்த நேரம், கேட்டுவிட்டார்கள்.

தாய்மார்கள் மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள். அவர்கள் கால்மாட்டில் ஒரு சின்னக் கல்லறையில் குழந்தைகள் இரண்டும். எந்த இரண்டு என்று தெரியாததால் பெயர் வெட்டவில்லை. கல்லில் 'இரண்டு குழந்தைகள்' என்று மட்டும் இருந்தது.

பிழைத்ததை வண்டிச் சீட்டுக்கு அடியிலிருந்து உருவி எடுத்தவர் டிப்போவின் பிரேக் ஃபிட்டர். அவருக்கும் மனைவிக்கும் பிள்ளை கிடையாது. சொந்தக்காரர் வரும்வரைக்கும் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் வாங்கிக்கொண்டார்கள். சொந்தக்காரர் ஒருவருக்கு மூவராக வந்து நின்றார்கள். ஃபிட்டர் மூன்று அப்பாக்களையும் டிப்போ கேன்டீனில் உட்காரவைத்து ஒரு ஏற்பாடு செய்தார். குழந்தை தன்னிடமே இருக்கும். மூவரும் வந்து பார்க்கலாம், கூட்டிப் போகலாம், நல்லது கெட்டதுக்கு உரிமை கொண்டாடலாம்.

"ஆனா ஒண்ணு," என்றார் ஃபிட்டர். "இது யாரையும் அப்பான்னு கூப்பிடக் கூடாது. ஒருத்தரைக் கூப்பிட்டுதுன்னா மத்த ரெண்டு பேர் வீட்டுல மறுபடி சாவு விழுந்த மாதிரி. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அப்படி எல்லாரும் மாமா ஆனார்கள். வீட்டில் ஃபிட்டர் மாமா, வெளியே ரொட்டி மாமா, தையல் மாமா, பெயின்டர் மாமா. இத்தனை மாமா இருந்தும் கட்டிக்கொள்ள ஒரு மாமா பையன் கிடையாது, யார் எப்போது அண்ணன் தம்பி ஆவான் என்று யாருக்குத் தெரியும்! கடைசியில் வேறு டிப்போவிலிருந்து ஒரு கண்டக்டரைப் பிடித்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அன்றைக்குப் பெண்ணின் அப்பா யார் என்று கேட்டதும் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை கொஞ்சமும் அசராமல், "டிக்கெட் எல்லாருக்கும் உண்டு, தள்ளாம வாங்க" என்றார். சபையே சிரித்தது. மிச்சமும் சிரித்தாள். ஆனால் அப்பா என்ற வார்த்தையை ஒரே ஒரு தடவையாவது யாரையாவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு அன்றைக்கும் இருந்தது, பேரன் பேத்தி எடுத்த பிறகும் இருந்தது.

இப்போது ஃபிட்டரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை, கண்டக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாக்களில் மிஞ்சியது ரொட்டிக்கடைக்காரர் மட்டும். தையல்கடையை அந்த ஏழு வயசுப் பெண் நடத்துகிறாள், தையல் அக்கா. பெயின்டர் இரண்டாம் தாரமாக ஒருத்தியைக் கட்டிப் பெற்ற மகன் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறான், கல்லிலும் எழுத்து வெட்டுவான். அவன் மிச்சத்தைவிட ரொம்பச் சின்னவன், அவளுக்குத் தம்பி.

ஒரு நாள் காலை அந்தத் தம்பி மணல் அறைக்கு வந்து நின்றான். கையைப் பிசைந்தான், சல்லடையை எடுத்துப் பார்த்தான், திரும்ப வைத்தான்.

"என்னடா, முழுங்காம சொல்லு."

"அக்கா, ஐம்பதாவது வருஷம் வருதில்ல. கல்லறைக்கெல்லாம் புதுக் கல்லு போடறாங்க. பேர் வெட்டற வேலை என்கிட்டதான் வந்திருக்கு."

"நல்லதுதானே."

"சின்னக் கல்லறைக்கும் பேர் வேணுமாம். ஐம்பது வருஷமா அனாதை மாதிரி கிடக்குன்னு கல்லறைத் தோட்டத்து ஆபீசர் வருத்தப்படறார். ரெண்டு பேர் வெட்டணும். மூணு பேர் இருக்கு. எந்த ரெண்டுன்னு உங்ககிட்டயே கேட்டுட்டு வரச் சொன்னார்."

மூன்று வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் மிச்சத்துக்குத் தெரியும். அந்தப் பெயர்களை அந்த வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, செத்தவளைச் சொல்கிறோமா இருப்பவளைச் சொல்கிறோமா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? பெயர் வெட்டாத வரைக்கும் மூன்று வீட்டிலும் பிள்ளை உயிரோடு இருந்தது. இரண்டு பெயரை வெட்டினால் இரண்டு வீட்டில் அது செத்துப்போகும். மூன்று வீட்டு உறவில் வாழ்ந்தவளுக்கு ஒரு வீடுதான் நிற்கும். அந்த ஒன்றும் சரியான வீடுதானா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

"இப்பெல்லாம் ரத்தத்தை வெச்சே சொல்லிடறாங்களாம்க்கா. நானும் தையல் அக்காவும் ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தா போதுமாம்."

"ரத்தம் கித்தம்னு ஆரம்பிச்சே, பலகையாலயே போட்டுடுவேன். ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்னு தெரியாது உனக்கு?"

ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. பயம். தம்பிக்கும் அது தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை. "என்னைக் கேட்டா, கல்லு என்ன சொன்னாலும் நீங்க எனக்கு அக்காதான்," என்றான். "ஆனா சீக்கிரம் சொல்லுங்க, எழுத்து வெட்ட நாள் பிடிக்கும்."

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் தையல்கடைக்குப் போனாள். தையல் அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு, வாயில் குண்டூசிகளோடு ஒரு கோட்டுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். தையல் அக்கா கோபக்காரி, ஆனால் பாசக்காரி. வருஷத்துக்கு ஒரு தரம் மிச்சத்தை இழுத்து நிறுத்தி அளவெடுத்து, "இந்த வருஷமும் பெருத்துட்டே" என்று திட்டிக்கொண்டே புதுச் சட்டை தைத்துத் தருகிறவள். எங்கள் பெயரைத் தொடாதே என்று இவள் சண்டைக்கு வருவாள் என்றுதான் மிச்சம் நினைத்திருந்தாள்.

அக்கா குண்டூசிகளைத் துப்பிவிட்டு, "எங்க வீட்டுப் பேரை வெட்டிடச் சொல்லு," என்றாள்.

மிச்சத்துக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"என்ன முழிக்கறே? என்னால முடியலடி. எங்கப்பா சாகறவரைக்கும் அந்தப் பிள்ளைக்காக ஒரு தடவை வாய்விட்டு அழல. அழுதா உனக்கு ஆகாதுன்னு அடக்கிக்கிட்டே போய்ச் சேர்ந்தார். இவளா அவளான்னு என்னை ஏழு வயசுல கேட்டாங்களே, அந்தக் கேள்வி இன்னும் கனவுல வருது. எங்கம்மா பக்கத்துல அவ பிள்ளை படுத்திருக்குன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருந்துட்டுப் போறேன். மூணுல ஒரு பங்கு நம்பிக்கையை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு இழுத்துக்கிட்டே இருக்கறது?"

"அப்போ நான் யாருக்கா உனக்கு?"

"நீ நீதான். சட்டைக்குத் துணி எடுத்துட்டு வா, தைச்சுத் தரேன்."

அவ்வளவுதான். மிச்சம் தெருவில் இறங்கி நடந்தாள். இருட்டும் நேரம், விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொள்ளப் பார்த்தாள். அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை, ஆனால் யாரோ கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது போல அவமானமாக இருந்தது. தள்ளியவள் வருஷா வருஷம் சட்டை தைத்துத் தருகிறவள். அவள்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்படாமல்தான் எப்படி இருப்பது?

ரொட்டி மாமா இருக்கிறாரே என்று ஒரே ஒரு தைரியம் மட்டும் மிச்சமிருந்தது. மூவரில் ஒருவர்தான் அப்பா என்றால் அது இவராக இருக்கட்டும் என்று அவள் சின்ன வயசிலிருந்தே உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள், வெளியே சொன்னதில்லை. அவர் நடமாடிய காலத்தில் தினமும் முதல் ஈட்டு ரொட்டியில் ஒன்றை எடுத்துக்கொண்டு சைக்கிளில் டிப்போ வாசலுக்கு வருவார். வயசாகி முடியாமல் போனதும் அவளே கடைக்குப் போக ஆரம்பித்தாள். இப்போது அடுப்புச் சுவருக்குப் பின்னால், கதகதப்பான சின்ன அறையில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். கடையை இரண்டாம் தாரத்து மகனும் மருமகளும் பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துத் தின்பாள். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிதாகப் பேச்சு இருக்காது.

மறுநாள் காலை அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "மாமா, சின்னக் கல்லறைக்குப் பேர் வெட்டப் போறாங்களாம்," என்றாள்.

"கேள்விப்பட்டேன். நல்ல காரியம்."

"எந்த ரெண்டு பேருன்னு என்னைக் கேக்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. நம்ம வீட்டுப் பேரை வெட்டக் கூடாதுன்னு சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிடறேன்."

கிழவர் அவளை வினோதமாகப் பார்த்தார். "வெட்டக் கூடாதா? ஏம்மா வெட்டக் கூடாது? எங்க வீட்டுப் பேரை முதல்ல வெட்டச் சொல்லு. இன்னொண்ணு யாருதுன்னுதான் எனக்குத் தெரியாது."

"இது மட்டும் எப்படித் தெரியும்?"

"என்ன கேள்வி இது? கால்ல சுட்ட காயம் இருந்துச்சே. ரொட்டி இறக்கறப்ப மடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தேன், சூடான தட்டு கெண்டைக்கால்ல பட்டுடுச்சு. அவ அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசல. அந்தப் புண் ஆறக்கூட இல்லை. ஆஸ்பத்திரியில துணியை விலக்கிப் பார்த்தேன், இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு நாக்கு எழல. ஆனா அந்த வாரமே ஃபிட்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டேனே. என் பிள்ளை போயிட்டா, நான் விலகிக்கறேன்னு. அவர்தான், 'விலகிப் போய் வீட்டுல தனியா உக்காந்து என்ன செய்யப் போறே? மூணு பேர்னு ஆயிடுச்சு, மூணு பேராவே இருக்கட்டும், ரொட்டியை மட்டும் நிறுத்திடாதே'ன்னார்."

மிச்சம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுப்புச் சுவர், சுட்டது. கையை எடுக்கவில்லை.

"என்கிட்ட யாரும் சொல்லல மாமா."

"எதை?"

"இதைத்தான். ஒருத்தர்கூடச் சொல்லல."

கிழவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லலையா? கல்யாணத்துக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டதா ஃபிட்டர் சொன்னாரே! நான் கேட்டேன், 'பொண்ணு என்ன சொல்லிச்சு'ன்னு. 'ஒண்ணும் சொல்லல, நாளைக்கும் ரொட்டிக்கு வரும், பாரு'ன்னார். நீ வந்தே. அடுத்த நாளும் வந்தே. தெரிஞ்சுதான் வர்றேன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். நான் யாரும் இல்லைன்னு தெரிஞ்சும் இந்தப் பொண்ணு வருது பாருன்னு என் ரெண்டாவது பொண்டாட்டிகிட்ட எத்தனை தடவை..." போர்வை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

மிச்சம் ரொட்டியைத் தொடாமல் வெளியே வந்துவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துழாவ மறந்து மணல் ஒரு பக்கம் சிவந்துபோனது, மறுபக்கம் ஈரமாகவே கிடந்தது. ஒரு டிரைவர் வந்து, "என்னக்கா இது, பாதி வெந்தும் பாதி வேகாமலும்?" என்று கேட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் ஓசைப்படாமல் நழுவிவிட்டான். யார்மேல் கோபப்படுவது? ஃபிட்டர் மாமாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொன்னேன் என்று ஏன் புளுகினார்? சொன்னால் அவள் கிழவரைக் கைவிட்டுவிடுவாள் என்று பயந்தாரா? அவள் அப்படிப்பட்டவளா? அப்படிப்பட்டவளாக இருந்திருப்பாளோ? அதுதான் அவளைக் குடைந்தது. ஒருவேளை அப்பாவாக இருக்கலாம் என்ற ஆசையில்தான் அவள் தினமும் அந்தக் கடைக்குப் போனாள். அந்த மனுஷனோ, யாரும் இல்லை என்று தெரிந்தே வருகிறாள் என்று அவளை எங்கேயோ உயரத்தில் தூக்கி வைத்திருந்தார். அவர் நினைத்த அந்த நல்லவள் யார்? இவள் இல்லையே! உண்மை முன்பே வெளியே வந்திருந்தால் இரண்டே வீடு. யாராவது ஒருவர் துணிந்து தூக்கிக்கொண்டு போய் மகளே என்று வளர்த்திருப்பார்களோ என்னவோ. போயிருந்தால் ஃபிட்டர் வீடு ஏது, கண்டக்டர் ஏது, இந்த மணல்தான் ஏது? நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. நினைப்பதை நிறுத்தவும் தெரியவில்லை.

சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்தாள். "ரொட்டிக்கடைப் பேரை வெட்டு. அது உறுதி." கிழவர் சொன்னதை அப்படியே சொன்னாள். "ரெண்டாவதா தையல் அக்கா வீட்டுப் பேர். அவளே கேட்டுக்கிட்டா."

"அப்போ நீங்க எங்க வீடா அக்கா?" என்றான் அவன் மெதுவாக.

"எனக்கு என்னடா தெரியும்? போனை வை."

அதற்கப்புறம் அவள் ரொட்டிக்கடைப் பக்கம் போகவில்லை. போகும் நேரம் வந்தால் கால் தானாக வாசல் வரைக்கும் போகும், திரும்பிவிடும். என்ன முகத்தோடு போவது, என்னவாகப் போவது என்று அவளுக்குப் புரியவில்லை.

புதுக் கல் நடும் நாள் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் காலையிலேயே நல்ல கூட்டம், செத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஆபீசர் குடையைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினார். பெரிய கற்களெல்லாம் நட்டாகிவிட்டது. சின்னக் கல் மட்டும் சாக்கின்மேல் மல்லாந்து கிடந்தது. தம்பி முதல் பெயரை முன்னாலேயே வெட்டி முடித்திருந்தான். இரண்டாவதைச் சாக்பீஸால் எழுதிவிட்டு, எல்லார் முன்னாலும் வெட்டலாம் என்று உளியை எடுத்தான்.

"டேய்! கையை எடுடா!"

தையல் அக்கா ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. வந்தவள் புடவைத் தலைப்பால் சாக்பீஸ் எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் மூச்சு வாங்கினாள்.

"நீதானேக்கா வெட்டச் சொன்னே?" என்றான் தம்பி.

"சொன்னேன். மூணுல ஒண்ணா இருந்தப்போ சொன்னேன். ரொட்டிக்கடை இல்லைன்னு எனக்கு நேத்துதானே தெரிஞ்சுது! இப்போ ரெண்டுல ஒண்ணு. பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கறப்ப நான் ஏன் என் தங்கச்சியைப் புதைக்கணும்?" அவள் மிச்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதடி. ராத்திரியெல்லாம் தூங்கல நான். நீ எங்க வீடாவும் இருக்கலாம்."

போன வாரம்தானே வெளியே தள்ளினாள், இப்போது உள்ளே இழுக்கிறாள். மிச்சத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அப்போ எங்க பேரை வெட்டவா?" என்றான் தம்பி, யாரைக் கேட்பது என்று தெரியாமல்.

"தொட்டே, தெரியும் சேதி," என்றாள் அக்கா.

"பாதிக் கல்லு காலியா கிடக்குமே! ஆபீசருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"கிடக்கட்டும். தெரியாதுன்னு சொல்லு," என்றாள் மிச்சம்.

ஒரே ஒரு பெயரோடு கல்லை நட்டார்கள். அதற்குள் ரொட்டிக்கடை வேன் வந்து நின்றது. மருமகள் கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தாள். கூட்டம் வழி விட்டது. அவர் கல்லுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்டிய எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார். ஐம்பது வருஷம் சொல்லாத பெயர். இன்னொரு தரம் சொல்லிவிட்டு, கல்லில் நெற்றியை வைத்து ஓவென்று அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆபீசர் குனிந்து, "ஐயா, நீங்க இந்தக் குழந்தைக்கு..." என்றார்.

"அப்பா," என்றார் கிழவர்.

ஆபீசர் தலையாட்டினார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்று தெரியாத ரகம். மிச்சத்தைக் காட்டி, "அப்போ இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார்.

கிழவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்னவென்று சொல்வார்? ரொட்டிக்கு வருகிற பெண் என்றா? அதுவும் இப்போது வருவதில்லையே. கூட்டத்துக்கு முன்னால் திருடன் போலத் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் மிச்சத்துக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இத்தனை நாள் யோசித்ததெல்லாம் எங்கேயோ போயிற்று.

"அப்பா," என்றாள். "வெயில் ஏறுது. எழுந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

தம்பி கையிலிருந்த உளியைக் கீழே போட்டான். தையல் அக்கா அவள் விலாவில் இடித்தாள். "ஏண்டி, அவர் இல்லைன்னுதான் தெரிஞ்சு போச்சே!"

"தெரிஞ்சு போச்சுல்ல, அதனாலதான் கூப்பிடறேன். உங்க ரெண்டு பேர் அப்பாவைக் கூப்பிட்டாத்தானே தகராறு. இவரைக் கூப்பிட்டா யார் வீட்டுல யார் சாகப் போறா?"

கிழவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கல்லில் இருந்த பெயரை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார்.

"மூத்தவளைப் பார்த்தாச்சு," என்றார். "நீ கையைக் குடும்மா, எழுந்திருக்கணும்."